ஜன்னலுக்கு முதுகு காட்டிய சூரியகாந்தி

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் எழுதுவது. இங்கே ஒரு முட்டியைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே உங்கள் நலமும், வீட்டம்மாவின் ரத்த அழுத்தத்தின் நலமும், பேத்தியின் புதுப் பல்லின் நலமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். லாரி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே கயிறும் தார்ப்பாயும் விற்ற தொண்டை என்னுடையது. நான் ரகசியம் பேசினால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும். மாடி ஜன்னலில் உங்கள் தங்கை இருக்கிறாள். ஆகவே பேனா. நம் சரக்கு லாரி டிரைவர் உங்கள் பக்கம் வருகிறார், இதைக் கையிலேயே கொடுப்பார். அவர் நிற்கும்போதே படித்துவிட்டு, வருகிறேன் என்ற ஒரே பதிலைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் பெரிய டாக்டர் உங்கள் தங்கையின் முட்டியைப் பார்க்கிறார். அது நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கவில்லை என்றால், மறுபடி மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, அவர் கையாலேயே மடக்கிவிடுவாராம். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று சொல்லும் குரலில் சொன்னார். முட்டி மாற்றிய ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, மருந்தெல்லாம் சரி, இனிமேல் படி ஏறி இறங்குவது ஒன்றுதான் வைத்தியம் என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது. அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறாள், கூடத்துக்கு வருகிறாள், மேல்படி வரைக்கும் வந்து எட்டிப்பார்க்கிறாள், கிணற்றைப் பார்த்தவள் மாதிரி திரும்பிப் போய்விடுகிறாள். மாடியில் ஏன் படுக்கவைத்தீர்கள் என்று நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். கீழ் அறையில் தார்ப்பாய் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் வந்து இறங்கிய சரக்கை நடுத்தெருவிலா அடுக்க முடியும்? அதைப்பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம், அவள் பேசியதே போதும்.

முட்டியை மடக்கிவிட தினமும் சாயங்காலம் ஒரு தம்பி வருகிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மடக்கு. மடக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இவள் போடும் சத்தம் தெருமுனை வரை போகிறது. நான் கீழே நின்றுகொண்டு கயிற்றைக் கையில் முறுக்கிக்கொண்டிருப்பேன். கடை ஆரம்பித்த காலத்தில் தரையில் சம்மணம் போட்டு என்னோடு சேர்ந்து நாள் முழுக்கக் கயிறு சுற்றிய கால் மச்சான் அது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மேலே போய், "கொஞ்சம் தைரியமா எறங்கேன், ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கயிறா இது, ரெண்டு பக்கமும் இழுத்துப் பாத்து வாங்கிட்டு வர? எறங்கும்போது கழண்டு போச்சுன்னா?"

"அப்படியெல்லாம் கழண்டுடாதுன்னு டாக்டர் சொல்றார்ல."

"அவர் காலா?"

அவள் விளையாட்டுக்குப் பேசவில்லை, பயந்துதான் பேசுகிறாள். பயத்தை மறைக்கப் போர்வையை மடித்து மடித்து வைக்கிறாள்.

அப்போதுதான் நீங்கள் பார்க்க வந்தீர்கள், திருவாய் மலர்ந்தீர்கள். "அவளுக்குப் பூன்னா உயிர் மாப்பிள்ளை. ஜன்னலுக்குக் கீழ நாலு பூச்செடி வைங்க, தன்னால எறங்கி வந்துடுவா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். எந்தப் பூ என்று சொல்லாமல் ஏறியதுதான் நீங்கள் செய்த துரோகம். அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை வரிசையாகக் கேளுங்கள், பாதிப் பொறுப்பு உங்களுடையது.

முதலில் கடை ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து ஜன்னலுக்குக் கீழே இருந்த இடத்தைச் சுத்தமாகக் கொத்திவிட்டேன். சுவர் ஓரமாகத் தானே முளைத்து, வெயிலிலும் வெட்கமில்லாமல் பூத்துக்கொண்டிருந்த ஏதோ இளஞ்சிவப்புச் செடிகள் நிறையக் கிடந்தன, எல்லாவற்றையும் பிடுங்கி வண்டியில் ஏற்றியாயிற்று. பழைய சரக்கை ஒழிக்காமல் புதுச் சரக்கை அடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. பிறகு நம்மிடம் நிழல்வலை வாங்கும் நர்சரிக்காரரிடம் போனேன். அவர் என்னைவிடப் பெரிய வியாபாரி. எது பூத்து நிற்கிறதோ அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "உங்களுக்குன்னே வச்சிருந்தேன் அண்ணாச்சி" என்றார். இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் மச்சான்! தெரிந்தும் விழுந்தேன். ரோஜா. எல்லாம் மலைக்காற்றில் வளர்ந்த ஜாதி என்று பிறகுதான் தெரிந்தது. நம் சுவரோ மத்தியானத்தில் தோசைக்கல். மூன்றாவது மத்தியானமே இலை சுருண்டு, மொட்டு கருகி, தலை கவிழ்ந்துவிட்டது. விடுவேனா, கடையிலிருந்து நிழல்வலையை உருட்டிவந்து மேலே இழுத்துக் கட்டினேன். நல்ல அடர்த்தியான கறுப்பு வலை, காற்றுக்கும் கிழியாது. மேலே அண்ணாந்து, "எப்படி?" என்றேன்.

"பூவ மூடிட்டு எப்படின்னு கேக்கறீங்களே. நான் மேலேந்து எதைப் பாக்கறது, உங்க சரக்கையா?"

வலைக்குக் கீழே ரோஜா செத்தது. வலை இன்னும் நன்றாக இருக்கிறது.

அடுத்து டேபிள் ரோஸ். வெயில் ஏற ஏறச் சிரிக்கும், தண்ணீரே கேட்காது, காசுக்கேற்ற பூ என்றார் நர்சரிக்காரர். உண்மைதான், காலையில் வெயில் பட்டதும் பாத்தி முழுக்கத் திறந்து கிடந்தது, நானே ஒரு நிமிஷம் கடைக்குப் போக மறந்து நின்றேன். ஆனால் உங்கள் தங்கை வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலை முழுக்கத் தூங்குகிறாள். அவள் எழுந்து ஜன்னலுக்கு வரும் நேரத்தில் அந்தப் பூக்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. "காலைல பாத்திருக்கணும் நீ" என்றால், "நீங்க காட்டற பொருள் எதுவும் நான் வரும்போது இருக்கறதில்ல" என்கிறாள். சரி, சாயங்காலக் கடை திறக்கும் பூவாகப் பார்ப்போம் என்று அந்திமந்தாரை வைத்தேன். அது சரியாக மடக்கு வரும் நேரத்துக்குத் திறந்தது. உள்ளே இவள் அலற, வெளியே அது மலர, நடுவில் நான் தண்ணீர்க் குழாயோடு நின்றேன். இப்போது அந்தப் பூவின் வாசனை வந்தாலே முட்டி வலிக்கிறதாம். பிடுங்கிவிட்டேன்.

இதற்குள் டாக்டர் திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். இந்த முட்டி ஆபரேஷனுக்கு முன்பு, இருட்டுவதற்குள் ஒருநாளும் வீட்டைப் பார்த்தறியாதவன், இப்போது மத்தியானமே கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்து மண்ணைக் கொத்துகிறேன். கடைசி ஆயுதமாகச் சூரியகாந்தியை இறக்கினேன். தொட்டியிலேயே மொட்டு விட்ட ஆளுயரச் செடிகள். வெயில் அதற்குப் பலகாரம். காலையிலும் பூ, மாலையிலும் பூ, கடையே சாத்தாது. மாடியிலிருந்து பார்த்தால் தட்டுத் தட்டாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு வரிசையாக நிறுத்தினேன். பூத்தது மச்சான், ஒன்று பாக்கியில்லாமல் பூத்தது. பூத்துவிட்டு எல்லாமாகச் சேர்ந்து கிழக்கைப் பார்த்து நின்றது. நம் ஜன்னலும் கிழக்கைப் பார்த்த ஜன்னல். அதாவது உள்ளே இருப்பவளுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை முதுகு. முகமெல்லாம் எதிர்வீட்டுப் பென்ஷன்காரருக்கு. அவர் நம் வாசல் கேட் வரை வந்து, "எங்களுக்காக இவ்வளவு சிரமம் எடுத்துக்கிட்டீங்களே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சாயங்காலமானால் மேற்கே திரும்பும் என்று காத்திருந்தேன். முற்றிய பூ திரும்பாதாம். இந்த விவரத்தை நர்சரிக்காரர் விற்ற பிறகு சொல்கிறார்.

மேலேயிருந்து குரல் வந்தது: "அதுங்களும் உங்கள மாதிரியே, முதுகக் காட்டிட்டு வெளிய பாத்துட்டு நிக்குதுங்க."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. கயிறு விற்கிறவன் வீட்டில் ஒரு பூ திரும்ப மாட்டேன் என்றால் என்ன மரியாதை? மெத்தென்ற பருத்திக் கயிறாகப் பார்த்து எடுத்துவந்து, ஒவ்வொரு பூவின் கழுத்திலும் நோகாமல் ஒரு சுருக்குப் போட்டு, மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பி, மறு நுனியைச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாயில் கட்டினேன். ஒரு வரிசை முகமும் மேலே பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு சுமையைக் கட்டியதில்லை. அவள் ஜன்னலுக்கு வந்தாள். பார்த்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மறுநாள் காலையில் இரண்டு பூ கழுத்து முறிந்து தொங்கியது. மத்தியானம் கடையிலிருந்து வந்து பார்த்தால், மச்சான், மிச்சப் பூக்களின் கட்டுகளையெல்லாம் யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்! அறுக்கவில்லை, அவிழ்த்திருக்கிறார்கள். அவிழ்த்த கயிற்றை எட்டு மாதிரிச் சுற்றி, இடுப்பில் இரண்டு சுற்று இறுக்கி, நுனியை உள்ளே செருகி, மதில்மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் கடைச் சுற்று அது. ஊரில் வேறு எவனும் அப்படிச் சுற்ற மாட்டான். எதிர்வீட்டுக்காரர் நம்மிடம் கொடிக்கயிறு வாங்கியவர், அவிழ்க்கும்போது பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நேரே போய்க் கேட்டேன்.

"என் பூவ உங்க பக்கம் திருப்பிக்கறதுக்கு என் காம்பவுண்டுக்குள்ள வருவீங்களா?"

"நான் எங்க வந்தேன்? வீட்டுக்குள்ளயே விசாரிங்க சார்."

"வீட்டுல இருக்கறது நடக்க முடியாத ஒரு பொம்பள. அவமேல பழியப் போடறீங்களா?"

மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

இதுதான் நிலைமை. இனி ஒரே ஒரு செடிதான் பாக்கி, காகிதப்பூ. எந்த வெயிலுக்கும் அசையாது, நாள் முழுக்க நிறம், எல்லாப் பக்கமும் முகம், தண்ணீர் ஊற்றாவிட்டால் இன்னும் கொழுப்பாகப் பூக்கும். முள் இருக்கிறது, இருக்கட்டும், எதிர்வீட்டுக்காரருக்கு அது வேண்டும். சனிக்கிழமை வண்டியில் வருகிறது. ஆனால் எனக்கு இப்போது பூமேல் நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் அண்ணன், சின்ன வயதில் கையைப் பிடித்து நடக்கவைத்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்து மேல்படியில் அவள் கையைப் பிடியுங்கள். நான் கீழ்ப்படியில் நிற்கிறேன், விழுந்தால் பிடிக்க. கயிறு மூட்டை எத்தனையோ பிடித்த கைதான், ஆனால் இதற்கு என் கை தனியாகப் போதாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு இருக்கிற பயத்தைவிட எனக்கு அதிகம். அவள் மயக்கத்தில் கிடக்க, ஒரு டாக்டர் அந்தக் காலை வளைக்க, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை என்னால் இன்னொரு தடவை செய்ய முடியாது.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். பேத்திக்கு ஆசிகள், பல் எல்லாம் ஒழுங்காக வரிசையில் முளைக்கட்டும். உங்களுக்கு எல்லா நலனும் உண்டாகட்டும், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தால் இன்னும் கூடுதலாக உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை கேட்கலாம் என்று மேலே போனேன். அறையில் ஆள் இல்லை. வாக்கர் மட்டும் நிற்கிறது. உயிரே போய்விட்டது. ஓடி ஜன்னலில் எட்டிப்பார்த்தால், கீழே பாத்தியில், ஒரு தார்ப்பாய்ச் சுருளைப் போட்டு அதன்மேல் உங்கள் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள் மச்சான். கையில் களைக்கொத்தி. இறங்கி ஓடினேன்.

"எப்ப எறங்கின?"

"நீங்க பூ கழுத்துல சுருக்குப் போட்டீங்களே, அதுக்கு மறுநாள். அன்னிக்குக் காலைல மாத்திரை போடாம முழிச்சிருந்தேன். ரெண்டு தலை முறிஞ்சு தொங்குது, மிச்சமாவது பிழைக்கட்டும்னு கத்தறேன், கேக்க ஆளில்ல. கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்கினேன். எல்லாத்தையும் அவுத்து விட்டப்புறம்தான் படி எறங்கிட்டேன்னே நெனப்பு வந்துது."

"அப்ப அந்தக் கட்டு…"

"உங்க கடைச் சுத்த யார் சுத்துவா? நானும் நீங்களும். எதிர்வீட்டுக்காரர் என்ன பாவம் பண்ணினாரு?"

அன்றிலிருந்து தினமும், நான் கடைக்குப் போனதும் இறங்கி, வருவதற்குள் ஏறிவிடுகிறாளாம். இன்று நான் கீழ் அறையில் தார்ப்பாய் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதியதால், கடைக்குப் போய்விட்டேன் என்று நினைத்து இறங்கியிருக்கிறாள். மடக்குக்கும் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மண்ணைத் தட்டிக்கொண்டே, "சொல்லியிருந்தா மறுநாள்லேந்து மத்தியானம் வீட்டுக்கு வந்திருப்பீங்களா?" என்றாள். அவள் நட்டுக்கொண்டிருப்பது என்னவென்று பார்த்தேன். நான் பிடுங்கி வண்டியில் ஏற்றினேனே, அதே இளஞ்சிவப்புச் செடி, நித்தியகல்யாணி. மதில் இடுக்கில் தப்பிப் பிழைத்திருந்த கன்றுகளை எடுத்து நடுகிறாள். எந்த வெயிலிலும் தினமும் பூக்குமாம், அவளே போட்ட விதையாம். "என்ன பூ வேணும்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். கடைக்கு வருகிறவனிடம் என்ன வேண்டும் என்று கேட்காமல் நான் ஒரு முழம் கயிறு அறுத்ததில்லை மச்சான். காகிதப்பூ வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டேன், அந்த முள்ளை வைத்தால் மறுபடி மேலே ஏறிவிடுவாளாம், இறங்கவே மாட்டாளாம்.

ஆகையால் மேலே எழுதியது எதுவும் இனித் தேவையில்லை என்று கிழிக்கப் போனேன். அவள் வாங்கி முழுக்கப் படித்தாள். கீழ்ப்படியில் நிற்பேன் என்று எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "அப்படியே அனுப்புங்க. இது இல்லன்னா எங்க அண்ணன் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டாள். எனவே இந்தப் பின்குறிப்பை நீங்கள் படிக்கவேயில்லை. பதறியடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சேரவும். முதல் வேலையாக எதிர்வீட்டுக்காரரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கவும்.