உங்க சௌகரியம் மாப்பிள்ளை

“இதோ... இதோ... கேக்குதா மாமா?”

இரும்புலியூர் சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி சாம்பசிவன் காதைத் தீட்டிக்கொண்டார். வெளியே ஜி.எஸ்.டி. ரோடு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் எங்கிருந்தோ டக டக டக டக என்று ஒரு சத்தம்.

பின் சீட்டில் மாமனார் ராஜகோபால் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தார்.

“ஏசி போட்டுக் கொஞ்ச நேரத்துல ஆரம்பிக்குது. அணைச்சா கொஞ்ச நேரத்துல நின்னுடுது. அப்போ என்ன அர்த்தம்? கம்ப்ரசர்!”

அணைத்தார். இரும்புலியூர் வளைவு தாண்டுவதற்குள் சத்தம் அடங்கியது. மறுபடி போட்டார். வீட்டுத் தெரு வருவதற்குள் வந்துவிட்டது.

“பாத்தீங்களா? சரி, குளிர் உங்களுக்குப் போதுமா, இன்னும் கூட்டட்டுமா?”

“உங்க சௌகரியம் மாப்பிள்ளை.”

ராஜகோபாலுக்கு மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஊர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்டவர் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால்கூட சமையலறை வரை நடந்து போய் மகளிடம்தான் கேட்பார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசித்த வம்சம். பல் கட்டிக்கொண்டு, அது பழகும்வரை மகள் வீட்டில் வந்து தங்கும்படி ஆனதே அவருக்குப் பெரிய கூச்சம். அதிலும் மாப்பிள்ளையே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மேற்குத் தாம்பரம் டாக்டரிடம் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார் என்றால், அந்தக் காருக்குள் இருமுவதற்கே யோசிக்க வேண்டாமா?

சாம்பசிவனும் நல்ல மனுஷன்தான். வெயிலிலேயே கிடந்த பெரியவர், கொஞ்ச நாள் சுகமாக இருக்கட்டும் என்று முன்பக்கத்துக் காற்றையெல்லாம் பின் சீட்டுக்கே திருப்பி வைத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க. ஞாபகம் இருக்கில்ல?” வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கோகிலவாணி கேட்டாள்.

“இருக்கு, இருக்கு.”

“போன தடவை ஃபேன் சத்தத்துக்கே அந்த மனுஷன் என்ன சொன்னாரு?”

சாம்பசிவன் அதை மறக்க முடியுமா? மகள் அனுப்பிரியாவைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்த குமரேசன், மோட்டார் பம்ப்செட் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். காபியைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்க்க வந்தவர் ஃபேனைப் பார்த்தார்.

“பேரிங் போயிருச்சுங்க. கேட்டுக்கிட்டே சும்மா இருக்கறீங்களே. சத்தத்தைச் சும்மா விடறவங்க, எல்லாத்தையும் அப்படித்தானுங்க விடுவாங்க” என்றார். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார். கூட வந்த அவர் மனைவி கிளியம்மாள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

பையன் ஹரிபிரசாத்துக்குப் பிடித்துப்போய்விட்டது. அனுப்பிரியா அன்றிலிருந்து போனும் கையுமாக மொட்டைமாடியே கதி என்று இருக்கிறாள். இனி அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு பண்ணத்தான் வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறார்கள்.

“பேசாம ஏர்போர்ட்டுக்குக் கால் டாக்ஸி அனுப்பிடுங்களேன்.”

“சம்பந்தியாகப் போறவரைக் கால் டாக்ஸியில கூட்டிட்டு வர்றதா? சொந்தக் கார் வாசல்ல நிக்கும்போதா?”

“வாசல்ல நிக்கும்போது சத்தமில்லதான். ஓட்டினாத்தானே கத்துது.” கோகிலவாணி புளியைக் கரைத்தபடி சொன்னாள். “அது சரி, நேத்து நானும் உங்க பக்கத்துல உட்கார்ந்து வந்தேனே, எனக்கென்னவோ சத்தம் பின்னாடியிருந்து வர்ற மாதிரிதான் இருந்தது.”

“கம்ப்ரசர் பின்னாடியா இருக்கு? பானெட்டுக்குள்ள இருக்கு. தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்காதே.”

தனக்கே அது முந்தாநாள் யூடியூபில் பார்த்துத்தான் தெரியும் என்பதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் பல் டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில் காரை வெற்றிவேலின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார். வெற்றிவேல் பானெட்டைத் திறந்தான். ஏசியைப் போட்டான். ஆக்சிலரேட்டரை உறுமவிட்டான். குனிந்தான், நிமிர்ந்தான்.

“இன்னா சார் சத்தம்? ஒண்ணியும் கேக்கலியே.”

“ஓட்டினாக் கேக்கும்பா. வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

போனார்கள். ராஜகோபால் நிழலில் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, உச்சி வெயிலில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். தாம்பரம் வரை போய்த் திரும்பியும் வண்டியில் ஒரு முனகல் கிடையாது.

“சும்மா வழுக்கிகினு போவுது சார். இத்தப் போய் கம்ப்ளெய்ன்ட்டுன்ற!”

“உன்னைப் பாத்தா பயந்து அடங்கிடுதுப்பா.”

“பேஜார் பண்ணாத சார். கேஸ் கம்மியா கீது, அதான் தட்டியிருக்கும். ரொப்பி வுட்டுடறேன், போ.”

கேஸ் ஏறியது. “மாமா, என்ன வெயில்ல உட்கார்ந்துட்டீங்க? வாங்க வாங்க, உள்ள ஜில்லுனு இருக்கு” என்று சாம்பசிவன் கதவைத் திறந்து பிடித்தார். ராஜகோபால் டயரைவிட்டு எழுந்திருக்க மனமில்லாதவர்போல எழுந்து வந்தார்.

வீடு வருவதற்குள் சத்தம் முன்னைவிட வேகமாக வந்தது. முன்பெல்லாம் விட்டுவிட்டு வந்தது, இப்போது விடாமல் வந்தது.

“கேஸ் போட்டதும் அதிகமாயிடுச்சே!” சாம்பசிவன் ஸ்டியரிங்கைக் குத்தினார். கண்ணாடியில் பார்த்தால் மாமனார் துண்டை எடுத்துத் தலையோடு காதோடு சுற்றி, வாயையும் மூடிக்கொண்டிருந்தார்.

“சத்தம் தாங்காம உங்கப்பாவே காதைப் பொத்திக்கிட்டாரு, தெரியுமா?” என்று மனைவியிடம் பொருமினார்.

“வந்ததும் வராததுமா சுடுதண்ணி கேட்டாரு. என்னப்பான்னா, ஒண்ணுமில்லம்மாங்கறாரு.”

“தலைவலி வந்திருக்கும். மனுஷன் கேக்கிற சத்தமா அது!”

அடுத்தது, பல் டாக்டரிடமிருந்து அப்படியே கோவிலம்பாக்கம். கார் ஏசிக்கென்றே கடை வைத்திருக்கும் லாசரஸ், நிதானமான ஆள். நகைக்கடையில் வேலை செய்கிறவர்போல ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். உள்ளே குளிர்விக்கிற காயிலைக் கழுவினார், அடைத்திருந்த ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார், பெல்ட்டையும் மாற்றினார்.

“வாங்க சார், ஓட்டிப் பாத்துடலாம். பெரியவர் இங்கேயே இருக்கட்டும், ஆள் கம்மியா இருந்தாத்தான் சத்தம் நல்லாக் கேக்கும்.”

மேடவாக்கம் வரை போனார்கள். லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் கண்ணைத் திறந்து, “கர்த்தர் கிருபையில வண்டி சுத்தமா இருக்கு சார்” என்றார். கொஞ்சம் தயங்கினார். “தப்பா நினைக்காதீங்க, ஒரு தரம் காதைக் காட்டிடுங்களேன். எங்க சர்ச்சுல ஒரு நல்ல டாக்டர் இருக்காரு.”

சாம்பசிவனுக்குச் சுரீரென்றது. மாமனாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காயில் கழுவியிருந்தது, ஃபில்டர் புதிது. காற்று ஊசிபோல இறங்கியது. கீழ்க்கட்டளை வருவதற்குள் தந்தி ஆபீஸ்போல டகடகடகடக!

“என் காதுல கோளாறாம்! மாமா, உங்களுக்குக் கேக்குதா இல்லையா?”

துண்டுக்குள்ளிருந்து பெரியவர் தலையாட்டினார். தலை ஆடியதா, தானாக ஆடிக்கொண்டிருந்ததா என்று கவனிக்கும் நிலையில் சாம்பசிவன் இல்லை. வண்டியை ஓரம்கட்டி, செல்போனை எடுத்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டிச் சத்தத்தைப் பதிவு செய்துவிட்டார். சாட்சி!

தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டார். ஒருவர் பேரிங் என்றார். ஒருவர் கிளட்ச் என்றார். ஒருவர் எலி என்றார். ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டு, “ஊருக்கெல்லாம் தமுக்கு அடிச்சாச்சா? கோயம்புத்தூருக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க” என்றாள்.

வெற்றிவேலிடம் போய்ப் போனை அவன் காதில் வைத்து அழுத்தினார். அவன் முகம் மாறியது.

“யம்மாடி! இன்னா சார் இது, உள்ளாற எல்லாம் ஒடஞ்சிகினு கீது! இது கம்ப்ரசர் சாவுற சத்தம் சார்!”

“நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?”

“சொன்ன சார். நீதான் சார் கில்லாடி. புச்சாவே மாத்திடலாம்.”

லீவும் கரைந்தது, கையிருப்பும் கரைந்தது. ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலம் புதுக் கம்ப்ரசர் ஏறிவிட்டது. சாம்பசிவன் தனியாகவே ஓட்டிப் பார்த்தார். பூனை நடக்கிற மாதிரி போனது வண்டி.

“இனிமே உள்ள மீன் வாங்கி வெச்சாலும் கெடாது சார்” என்றான் வெற்றிவேல்.

வெள்ளிக்கிழமை. “வரவேற்கப் போகும்போது வீட்டுல பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும். அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் கோகிலவாணி. ராஜகோபால் காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், துண்டை எடுத்துக்கொண்டு ஏறினார்.

“மாமா, போகும்போது ஏசி வேண்டாம். புதுக் கம்ப்ரசர், சம்பந்தி கையால... சம்பந்தி வந்து உட்கார்ந்துதான் இன்னைக்கு முதல்ல போடணும். கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

“ஆஹா, அதுக்கென்ன மாப்பிள்ளை!”

கண்ணாடியை இறக்கி அனல் காற்றில் போனார்கள். ராஜகோபாலுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, துண்டைக்கூடச் சுற்றிக்கொள்ளவில்லை. பல்லாவரம் சந்தையைப் பார்த்து, “கோழிக்குஞ்சுகூட விக்கறாங்களே மாப்பிள்ளை” என்றார். இத்தனை வருஷத்தில் அவராக ஆரம்பித்துப் பேசிய முதல் பேச்சு அது. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. சாம்பசிவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

விமான நிலையத்தில் குமரேசன் முன் சீட்டில் ஏறினார். கிளியம்மாள் பின்னால், பெரியவருக்குப் பக்கத்தில். கண்ணாடிகள் ஏறின. சாம்பசிவன் விளக்கேற்றுகிற பக்தியோடு ஏசி பட்டனை அழுத்தினார்.

“குளிர் போதுங்களா?”

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றார் குமரேசன்.

திரும்பி வரும்போது சந்தைக் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் மாநகரப் பேருந்து, பின்னால் லாரி. நகர வழியில்லை. அப்போது கேட்டது.

டக்.

சாம்பசிவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார்.

டக், டக். டக டக டக டக.

குமரேசனின் தலை மெல்லச் சாய்ந்தது. ஃபேனைப் பார்த்த அதே சாய்வு.

“என்னங்க அது சத்தம்?”

“வெளியில... சந்தையில ஏதாவது...” காற்றுச் சத்தத்தில் அமுங்கிப்போகட்டும் என்று சாம்பசிவன் ஏசியை முழு வேகத்துக்குத் திருகினார். அமுங்கவில்லை. மேளமே கொட்ட ஆரம்பித்தது.

“உள்ளதானுங்க வருது.”

சாம்பசிவனுக்குள் ஏதோ உடைந்தது. “எனக்குத் தெரியும் சார்! கேஸ் போட்டேன் சார். காயில் கழுவினேன். பெல்ட் மாத்தினேன். நேத்து கம்ப்ரசரையே மாத்தினேன் சார்! லீவெல்லாம் போச்சு, பேங்க்ல இருந்தது போச்சு. என் காதுல கோளாறுன்னாங்க, அதையும் கேட்டுக்கிட்டேன். இதுக்கு மேல நான் மாத்த வேண்டியது என்னைத்தான் சார்!”

டகடகடக நிற்காமல் அடித்தது. மொட்டைமாடியில் போனும் கையுமாக நிற்கிற மகள் முகம் சாம்பசிவன் கண்முன் வந்து நின்றது.

குமரேசன் அவர் பக்கம் திரும்பினார். முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு கனிவு.

“ஒரு சத்தத்துக்காக இத்தனையும் பண்ணுனீங்களா?”

“ஆமா சார்.”

“அன்னைக்கு உங்களைத் தப்பா நெனச்சுப்போட்டனுங்க. சத்தத்தைச் சும்மா விடாத வீடுங்க இது.” கையை நீட்டினார். “பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணுங்க. தேதியப் பாத்துரலாம்.”

சாம்பசிவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குமரேசன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷம் தாங்காமல் பின்பக்கம் திரும்பாமலே கத்தினார்.

“மாமா! கேட்டீங்களா மாமா? சம்மதம் சொல்லிட்டாரு! உங்களுக்குக் குளிர் போதுமா மாமா, பின்னாடி இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?”

“உங்க... சௌ... சௌ... சௌ...”

அதுவரை வாயே திறக்காமல் வந்த கிளியம்மாள், தன் முந்தானையை இழுத்துப் பெரியவர் தோளில் போர்த்தியபடி முதல்முறையாகப் பேசினாள்:

“கம்ப்ரசரெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது அண்ணா, மொதல்ல அந்த ஏசிய நிறுத்துங்க, பாவம், ஐயாவோட புதுப் பல்செட்டுதானுங்க குளிர்ல இந்த அடி அடிக்குது.”