சொட்டு நீலமும் பலா மர நிழலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தன் நிழலிடம் ஆதார் அட்டை கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். ஓசூரில் நான் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குச் 'சொட்டு நீலம்' என்று பெயர்.

தளிப் பக்கம் மேட்டு நிலத்தில் காபி வைத்திருந்தார். பாதி பலா மர நிழலில், பாதி வெட்டவெளியில். பலா எல்லாம் அவரே நட்டது. சிப்காட்டில் வேலை செய்யும் தம்பிக்கோ அந்த மரங்களைக் கண்டாலே ஆகாது. மண்ணின் சத்தையெல்லாம் மரம் உறிஞ்சுகிறது, வெட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நிலம் இருவருக்கும் பொது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வெயில் மண்ணைவிட நிழல் மண்ணில் குறைந்திருந்தால் மரங்களை வெட்டிவிடுவது.

அண்ணன் இரண்டு பை மண்ணோடு வந்தார். தம்பியும் கூடவே வந்தார். எது நிழல், எது வெயில் என்று பையில் எழுதவில்லை; ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டிருந்தார்.

"எழுதாம எப்படிங்க?" என்றேன்.

"எழுதினா உரக்கடைக்காரனுக்குப் போன் பண்ணி, அவன் உரம் விக்கிற மாதிரி முடிவை மாத்திடுவீங்க. சீட்டு எங்கிட்ட இருக்குது" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

காய்ச்சி வடித்த தண்ணீரை முகர்ந்து பார்த்தார். எங்கள் தராசில் தன் சாவிக்கொத்தை மூன்று முறை நிறுத்தார். சந்தேகம் முற்றினால் கன்னடத்தில் முணுமுணுப்பார், எங்களுக்கு விளங்கக் கூடாதாம். ஓசூரில் கன்னடம் விளங்காதவன் யார்? கூட்டிப் பெருக்கும் அம்மாவே பதில் சொல்லிவிட்டார்.

மணிச்சத்துச் சோதனையில் கரைசல் நீலமாகும். சத்து கூடினால் நீலமும் கூடும். குழாயில் நிறம் ஏறியதும் மனிதர் எழுந்துவிட்டார்.

"சார், இது சொட்டு நீலம்தானே? எங்க வீட்லயும் வேட்டிக்கு இதைத்தான் போடறாங்க."

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

சீட்டைப் பிரித்தார். வெளிர் நீலம், வெயில். நல்ல கருநீலம், நிழல். தம்பியின் முகம் தொங்கிப்போனது. இவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், குழாயையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"இவ்ளோ நல்லா வராதே."

"உங்களுக்குச் சாதகமாத்தாங்க வந்திருக்கு."

"அதாங்க இடிக்குது." சற்று யோசித்துத் தம்பியிடம் திரும்பினார். "டேய், நிழல் மண்ணை ஒரே மரத்தடியில எடுத்துக்கினு வந்துட்டேன். மாடு கட்டற எடம். சாணி ஊறின மண்ணுடா. இது செல்லாது."

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணா."

"எனக்குத் தெரியுமேடா."

மறுநாள் நானே போய் இரண்டு பக்கமும் பத்துப் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண் எடுத்தேன். அதற்கு முன் என் பேன்ட் பைகளை உதறிக் காட்டச் சொன்னார். காட்டினேன், வேறென்ன செய்வது.

இந்தமுறை நிழல் மண் ஒரு மயிரிழைதான் கூடுதல். கருவியில் மட்டும் தெரிகிற வித்தியாசம். நான் விளக்க வாயெடுப்பதற்குள், குழாயை ஏறிட்டும் பாராமல் தம்பி சொன்னார்: "மரம் இருக்கட்டும்ணா."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கினே?"

எனக்கு அந்த மனிதரை ரொம்பவே பிடித்துவிட்டது. யார் மண் கொண்டுவந்தாலும், எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது என்று பத்துக் கேள்வி கேட்டுத்தான் வாங்குவேன். அவர் பையை மட்டும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துவிடுவேன்.