மூச்சு வாங்காமல் திட்டும் பயிற்சி

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், இன்னும் உயிரோடு இருப்பவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் காதுகளைத் தவிர அனைவரும் நலம். அங்கே காதுகள் உட்பட எல்லாம் நலம்தானே?

பக்கவாதம் வந்து கையும் காலும் தேறியும், களைப்பு மட்டும் உங்கள் தங்கையை விட்டுப் போகவில்லை. குளித்தால் படுக்க வேண்டும், தலை வாரினால் படுக்க வேண்டும். "கை கால் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று நீங்களே போனில் கேட்டீர்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் எத்தனையோ பேரைத் திட்டித் திட்டியே ஓட்டுநராக்கியவள், என்னைத் திட்டக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மறுபடி அந்தப் பள்ளிக்குப் போவாளா என்பதுதான் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாய்த்தார், மகா கெட்டிக்காரர். "வண்டியில கோளாறு இல்ல சார், பெட்ரோல்தான் சீக்கிரம் தீர்ந்துபோகுது" என்றார். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் இவளை ஏற்றி, "பேசிக்கிட்டே மிதிங்கம்மா. பேச்சு தடுமாறினா நிறுத்திடுங்க, அதுதான் உங்க அளவு" என்றார். என்ன பேசுவது என்று இவள் விழிக்க, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சாரைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். அங்கே பிடித்தது எனக்குச் சனி. "ஏங்க, ஈரத்துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ..." முதல் நாள் துண்டோடு மூச்சு முட்டி நின்றுவிட்டது. அடுத்த வாரம் என் குறட்டை வரை வந்தாள். இப்போது கல்யாணத்துக்கே நான் தாமதமாக வந்தது வரை எட்டிவிட்டாள். பக்கத்தில் மிதிப்பவர்கள் கதை கேட்க ஏதுவாகச் சைக்கிளை நெருக்கிப் போட்டுக்கொள்கிறார்கள், மச்சான்! ஒருநாள் நன்றாக மிதிக்கிறாளே என்று பேராசைப்பட்டு, "நிறுத்தாத, நீ மறந்துபோன தப்பு இன்னொண்ணு இருக்கு" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். மறுநாள் எழுந்திருக்கவே இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பயந்துபோய்விட்டேன். "நல்லா இருக்கிற அன்னிக்குத்தான் சார் சரியா நிறுத்தணும். ஓய்வும் பயிற்சிதான்" என்று பயிற்சியாளரும் தம் பங்குக்குத் திட்டினார். அப்புறம், எட்டிய அளவைக் கொஞ்சம் குறைத்து, கொஞ்சமும் அலுக்காமல், இவளை மறுபடி தொடங்க வைத்தார். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. அத்தனை களைப்போடும் முகம் சுளிக்காமல் சைக்கிள் ஏறுகிற உங்கள் தங்கைக்கு இன்னொரு கும்பிடு. இதை அவளிடம் சொல்லலாமென்றால் இடைவெளி கிடைப்பதில்லை.

ஆகவே, அண்ணன் என்ற முறையில் தாங்கள் பயிற்சியாளருக்கு ஒரு வரி எழுதி, திட்டுவதற்குப் பதில் பாட்டுப் பாடச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
திட்டு வாங்குவதில் தேர்ச்சி பெற்ற
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், இன்று காலை அவளை அவளுடைய கார் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஒரே மாணவர், ஒரே சுற்று என்று மருத்துவமனைப் பயிற்சியாளரின் கட்டளை. மைதானத்தைச் சுற்றி வந்த காரிலிருந்து, "கிளட்ச்ச மிதிங்க! கண்ணாடி எதுக்கு இருக்கு, பவுடர் போடவா?" என்று அவள் குரல் ஓரிடத்திலும் அறுபடாமல் கேட்டது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறங்கி வந்து, "களைச்சுப் போச்சுங்க" என்றாள். நோய் வந்த பிறகு அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றுதான். பயிற்சியாளருக்கு எதுவும் எழுதிவிடாதீர்கள், மச்சான்.