ஜூலை மூன்றாம் தேதி பிறந்த தங்கச்சி

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்து விளையாடுகிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இது எதுக்குப்பா உதவும்?" கேட்டுவிட்டால், அதை ஏதாவது ஒன்றுக்கு உதவ வைக்காமல் அவன் ஓயமாட்டான். என் விஷயத்தில் அந்த ஏதாவது ஒன்று, என் தங்கச்சி கவிதாவின் கல்யாணமாக அமைந்துவிட்டது.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு ஹாலில், சாமி மேடைக்கும் டிவிக்கும் நடுவே என் டாஸ் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெட்டி. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருக்கும். கட்டளையைச் சரியாகத் தட்டினால் வேலை செய்யும். பிசகினால் ஒரே வரியில் திட்டும். (அம்மாவும் அப்படித்தான். அதனாலோ என்னவோ, இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.) ஆறு வருடமாக அதைத் துடைத்து, பிரித்து, மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவரும் மதிக்கவில்லை.

கவிதா பாயான் லெப்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். அதே தொழிற்சாலை பஸ்ஸில் வரும் முகிலனும் அவளும் நாலு வருடமாகப் பழக்கம். இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் கிடையாது. அதையும் எங்கள் குடும்ப ஜோசியர் ஐயாதான் பார்க்க வேண்டும். ஐயாவோ இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போயிருந்தார். திரும்பி வர இரண்டு மாதம் ஆகும்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஐயா புது லேப்டாப் வாங்கியபோது, அவர் வருடக்கணக்காக ஜாதகம் கணித்த பழைய டாஸ் புரோகிராமை டிஸ்கோடு எனக்குக் கொடுத்திருந்தார். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"ஐயாவோட அதே கணக்கா?"

"அதே கணக்குத்தாம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்னாடியே ஒருமுறை போட்டுப் பார்த்துக் காதோடு காதாகச் சொல்லச் சொன்னார். நான் கேட்டால்தானே! மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வரும்போது எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினால்தான் அவர்களுக்கும் நம்பிக்கை வரும் என்று வாதாடி ஜெயித்தேன்.

முந்தின நாள் கவிதா மட்டும் என்னைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணே, நாலு வருசம் காத்திருந்தவ இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்க மாட்டேனா? நாளைக்கு மட்டும் அந்தப் பெட்டியத் தொறக்காதண்ணே."

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? 'சரிம்மா' என்று. நான் சொன்னது: "உனக்கு இதோட அருமை தெரியாது."

ஞாயிறு மாலை நாலு மணிக்கு வந்தார்கள். முகிலனின் அப்பா ஜுருவில் கார் உபகரணக் கடை வைத்திருப்பவர்; நாலு சக்கரம் இல்லாத எந்த இயந்திரத்தையும் மதிக்காதவர். கறிபாப் பலகாரத்தைக் கடித்தபடியே என் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது எதுக்கு உதவும்?"

"இப்பப் பாருங்க அங்கிள்" என்று சட்டைக்கையை மடித்துவிட்டேன்.

டிஸ்கைச் செருகினேன். கர்ர் என்றது. படிக்க முடியவில்லை என்றது. எடுத்து, ஊதி, மறுபடி செருகினேன். அதே கர்ர். முதுகில் வியர்வை இறங்கியது. மூன்றாவது தடவை பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டே அழுத்தினேன். படித்துவிட்டது. முகிலனின் அம்மா கைதட்டவே செய்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்ணின் பிறந்த தேதியைக் கேட்டது. மார்ச் ஏழு. 07-03 என்று தட்டினேன், கூடவே வருடத்தையும். ஏற்றுக்கொண்டது. அடுத்தது முகிலன், ஆகஸ்ட் பத்தொன்பது. 19-08 என்று தட்டினேன். தேதி தவறு என்று திட்டியது. சும்மா எண்களை இடம் மாற்றி 08-19 என்று போட்டேன். சரி என்றது. ஏன் அப்படி என்று ஒரு நொடி யோசித்தேனா? வீடே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கே யோசிப்பது!

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று ஒவ்வொரு வரியாக அடித்தது. முதல் பக்கம் வெளியே வந்ததும் தாள் சிக்கி நின்றுவிட்டது. முகிலனின் அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "தினம் இருக்கு... கணம் இருக்கு..." விரல் வரிவரியாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

"அக்கா," என்று அம்மாவைப் பார்த்தார். "ரஜ்ஜு இல்லன்னு போட்டிருக்கு."

மற்ற பொருத்தம் எது போனாலும் எங்கள் ஆட்கள் ஒரு பரிகாரம் செய்து சமாளித்துவிடுவார்கள். ரஜ்ஜு அப்படியில்லை. அது தாலி சம்பந்தப்பட்டது. ரஜ்ஜு இல்லையென்றால் மாப்பிள்ளையின் ஆயுளுக்கே ஆகாது என்பார்கள். அம்மாவின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. முகிலன் தரையைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் சொன்னேன்: "மெஷின் பொய் சொல்லாது அங்கிள்."

(இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

முகிலனின் அப்பா கார்ச் சாவியைக் கையில் எடுத்தார். "ரஜ்ஜு இல்லாட்டி கஷ்டம்லா" என்று மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கவிதா என்னைப் பார்த்தாள். அழவில்லை. நாலு வருடத்தை நான் ஒரு பட்டனில் அழித்துவிட்டேன் என்பதைச் சத்தமில்லாமல் சொல்லும் பார்வை.

பிறகு அவள் எழுந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பிரிண்டர் முன்னால் மண்டியிட்டாள்.

"அங்கிள், அஞ்சு நிமிசம் உக்காருங்க. எங்க லைன்ல பார்ட் ஃபெயில்னா முதல்ல டெஸ்ட் பண்ற மெஷினத்தான் சந்தேகப்படுவோம்."

சிக்கிய தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டாவது பக்கத்தை ஓடவிட்டாள். அதில்தான் ஜாதக விவரம் இருந்தது. தேதி, மாதத்தின் பெயரோடு. அவள் குனிந்து படித்தாள்.

"அம்மா, நான் எப்பப் பொறந்தேன்?"

"மார்ச் ஏழு. ஏன்டி?"

"இதுல இருக்கிற பொண்ணு ஜூலை மூணு."

எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கேட்கும், நாளை அடுத்து. பத்தொன்பதாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் முகிலனுக்குத் திட்டியது. ஏழாம் மாதம் இருக்கிறதே! அதனால் என் தங்கச்சியின் தேதியை முணுமுணுக்காமல் விழுங்கிவிட்டது. எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆறு வருடமாகப் பீற்றிக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

கவிதா என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே 03-07 என்று தட்டினாள். பிரிண்டர் மறுபடி கத்த ஆரம்பித்தது. இந்தத் தடவையும் ரஜ்ஜு இல்லையென்றால்? அப்புறம் யார் மேல் பழி போடுவது? அம்மா கண்ணை மூடிக்கொண்டார். முகிலனின் அப்பா சாவியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். தினம், கணம், யோனி, ராசி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு யுகம் ஆனது. கவிதா மூச்சு விட்டாளா என்றே தெரியவில்லை. ரஜ்ஜு வரி வந்தது.

இருந்தது.

முகிலனின் அப்பா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "தம்பி, டீ ஆறிப்போச்சு. வேற போடச் சொல்லுங்க" என்றார். நானே ஓடிப்போய்ப் போட்டேன். அவசரத்தில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன்; அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஐயா வந்து அதே முடிவைச் சொன்ன பிறகே அம்மா பத்திரிகை அடித்தார். பெட்டி ஹாலிலிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போனது.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா மரியாதையாக, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முகிலன் முந்திக்கொண்டான்.

"மச்சானுக்கு ரெண்டு தங்கச்சி அங்கிள். ஒண்ண நான் கட்டிக்கிட்டேன். இன்னொண்ணு ஜூலை மூணு. ரஜ்ஜு இல்லாம ஸ்டோர் ரூம்ல கெடக்கு."

கதை முழுவதையும் அங்கேயே சொல்லி, எனக்குப் பார்த்த பெண்ணைக் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தான். அவள் அதற்குப் பிறகும் சம்மதித்தது என் பாக்கியம். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் 'ஜூலை மூணு' தவிர வேறு பெயர் இல்லை. ஒவ்வொரு ஜூலை மூன்றாம் தேதியும் முகிலன் மறக்காமல் கேக் வாங்கி அனுப்புகிறான். என் மனைவி ஈரத்துணியை என் கையில் கொடுத்து, "நாத்தனாருக்கு இன்னிக்குப் பொறந்தநாள், போய்த் தொடச்சி விடுங்க" என்கிறாள். நானும் போய்த் துடைக்கிறேன்.