கூரையில் ஓட்டை எதற்கு?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் காரும் சுகம்தான், கொஞ்சம் ஈரமாக இருக்கிறது.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க மாமா, போதும்" என்று சொல்லிவிட்டு வெளிநாடு போனீர்கள். நானும் அதோடு விட்டிருப்பேன், கூரையில் இருக்கிற அந்தக் கண்ணாடிக் கதவுதான் என்னை விடவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் கூரை போட்டவன் அதில் எதற்கு ஓட்டை போட்டான் என்று நூலகத்தில் போய்த் தேடினேன். ஆரம்பத்தில் வந்த கார்களுக்குக் கூரையே கிடையாதாம்; தூசிக்குக் கண்ணாடியும் நீள அங்கியும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிறகு மடக்குத் துணிக்கூரை வந்தது, அப்புறம் இரும்புக்கூரை வந்தது, நனையாமல் போனார்கள். போனவர்களுக்குக் காற்று வேண்டும், வானம் வேண்டும் என்று ஏக்கம் வந்து, மூடின கூரையையே வெட்டித் திறந்திருக்கிறார்கள்.

அதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. உங்கள் அத்தைக்குக் காரில் ஏறினாலே குமட்டும், உங்களுக்குத் தெரியும். அதனாலேயே மலைமேல் இருக்கிற தன் அக்காவைப் பார்க்காமல் வருஷக்கணக்கில் இருந்துவிட்டாள். அக்காவோ இப்போது படுத்த படுக்கை. கூரை இல்லாத காலத்தில் யாருக்கும் குமட்டினதாக எந்தப் புத்தகத்திலும் காணோம், ஆகவே மூடின கூரைதான் வியாதி என்று முடிவு கட்டினேன். இத்தனை வருஷமும் என் பழைய காரைத்தான் ஓட்டியிருக்கிறேன், புதுக்காரை ரோட்டில் எடுக்க எனக்குப் பயம். பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் அம்மாவை ஓட்டச் சொல்லி, கூரையைத் திறந்துவிட்டுக் கிளம்பினோம்.

அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் உங்கள் அத்தை மேகத்தைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக வந்தாள். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி பாதி வந்து நின்றுவிட்டது. நான் குடையை ஓட்டை வழியாக நீட்டி விரித்தேன். காற்று அதைத் தலைகீழாகத் திருப்பிவிட, அதுவரை தூறலாக விழுந்தது இப்போது புனல் வைத்து ஊற்றியது.

"சார், குடையை விட்டுடுங்க. நான் ரோட்டைப் பாக்கணும்."

விட்டேன். குடை போயிற்று.

தொப்பலாக நனைந்து அக்காவின் கட்டிலருகே போய் நின்றோம். அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்து, "நடந்தா வந்தே?" என்றார்.

"கார்லதான்க்கா. ஒண்ணுமே செய்யல" என்று சொல்லிக்கொண்டே உங்கள் அத்தை அக்காவின் கையைப் பிடித்தாள். சாயங்காலம் வரை இரண்டு பேரும் பிடித்த கையை விடவில்லை.

அதற்குள் நான் கண்ணாடி நகர்கிற காடியில் சிக்கியிருந்த சுள்ளியை எடுத்துக் கூரையை மூடினேன். வீட்டுக்கு வந்த பிறகும் பிரேக் போட்டால் உள்விளக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதையும் தேடிப் பார்த்தேன். ஓட்டை போட்டவர்கள் மழை வரும் என்று தெரிந்தே மூலைகளில் வடிகுழாய் வைத்திருக்கிறார்கள். அதில் இலை அடைத்திருந்தது. எடுத்தாயிற்று. ஆகவே கோபம் வேண்டாம். குமட்டலுக்கு மருந்து திறந்த கூரைதான் என்று நம் குடும்பம் கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய காரின் கூரையையும் வெட்டித் தரச் சொல்லிப் பட்டறையில் பேசிவிட்டேன்.

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: கடிதத்தை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "திரும்பி வரும்போது கூரை மூடித்தானே இருந்துச்சு? அப்பவும் எனக்கு ஒண்ணும் செய்யலையே. போகும்போதும் வரும்போதும் நீங்க ஓட்டல, அவ்வளவுதான்" என்கிறாள். பட்டறையில் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறேன்.