ஃபைல் அங்கிளும் மூன்று பச்சைப் பொத்தான்களும்

இணையத்தில் எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியின் முதல் மாடியில் இருந்தார். 'இலவசம்' என்று போட்டிருந்தால் இலவசம் என்றே நம்புவார். 'இங்கே அழுத்தவும்' என்றால் அழுத்துவார். 'காத்திருக்கவும்' என்றால் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அவருடைய பெயர் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் ஃபைல் அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியில் எதையாவது இறக்குவதற்கு முன் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு அட்டை ஃபைலை எடுப்பார். அதற்கு எண் போடுவார். தேதி, நேரம், விண்ணப்பதாரர் பெயர், நோக்கம் எல்லாம் எழுதுவார். அதன் பிறகுதான் தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மோடம் கத்தத் தொடங்கும். எங்கள் கட்டடத்தில் அப்போது இணையம் இருந்த ஒரே வீடு அவருடையது. அதனால் நாங்கள் எல்லாருமே விண்ணப்பதாரர்கள்தான்.

நான் விண்ணப்பித்தது ஒரு பொய்யினால்.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு முடியப்போகிறது. மாமியாரால் சில மணி நேரம் சமாளிக்க முடியும், நாள் முழுதும் முடியாது; அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் கிள்ளானில் ஓர் அச்சக முதலாளி, கோயில் திருவிழா மலர் ஒன்றைத் தமிழில் தட்டச்சு செய்து தர ஆள் தேடினார். நாற்பது பக்கம், மூன்று வாரம். நன்றாகச் செய்தால் மாதாமாதம் வேலை வரும், வீட்டிலிருந்தே செய்யலாம், அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை.

"நாங்க பாவிக்கிற தமிழ் எழுத்து உங்ககிட்ட இருக்காம்மா? வேற எழுத்துல அடிச்சா எங்க கம்ப்யூட்டர்ல வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும்" என்றார்.

"இருக்கு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த எழுத்துரு மென்பொருள் இலவசம். யாரோ ஒரு நல்ல மனிதர் தமிழர்களுக்காக எழுதிச் சும்மா கொடுத்தது. "இல்லை, ஒரு பிரதி கொடுங்க" என்று கேட்டிருந்தால் அங்கேயே ஒரு டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்திருப்பார். ஆனால் இல்லை என்றால் வேலையும் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். சொன்ன பிறகு, தெரிந்துவிடுமோ என்ற பயம். மற்ற மென்பொருள் என்றால் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குத் திருட்டு சிடி அடுக்கி வைத்திருப்பார்கள். தமிழைத் திருடி விற்க அங்கேயும் ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக் கணினியில் இணையம் இல்லை. ஆகவே ஒரு பிற்பகல், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஃபைல் அங்கிளின் கணினி முன் உட்கார்ந்தேன்.

அந்த மென்பொருளை வைத்திருந்த தளம் என் நினைவில் இன்றும் எரிகிறது. பக்கம் திறக்கவே ஆறு நிமிடம். திறந்ததும் 'இறக்கிக்கொள்ளுங்கள்' என்று மூன்று பெரிய பச்சைப் பொத்தான்கள். முதலாவது, உடல் மெலியும் மாத்திரை விளம்பரத்துக்குப் போனது. இரண்டாவது, நாங்கள் பத்து லட்சமாவது பார்வையாளர் என்று வாழ்த்தியது.

"பாத்தியா பிள்ளை, எங்களுக்குப் பரிசு!" என்று அங்கிள் எழுந்தே நின்றுவிட்டார்.

"அங்கிள், அது பொய் லா!"

"முகம் தெரியாத ஆளிட்ட வீணா ஏன் பொய் சொல்லுகினம்?" என்றார்.

மூன்றாவது பொத்தான் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தது. அதில் இருபத்திரண்டு கேள்விகள். ஊரில் எல்லாரும் இந்த மாதிரி இடங்களில் வாய்க்கு வந்த எழுத்துகளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வருமானம் கேக்கிறான். உன்ர வீட்டுக்காரருக்கு எவ்வளவு சம்பளம்?"

"எதையாவது போடுங்க அங்கிள்!"

"ஃபாரம் எண்டால் ஃபாரம்தான், பிள்ளை. பிழையாத் தகவல் குடுக்கிறது குற்றம். போய்க் கேட்டுக்கொண்டு வா."

மேல் மாடியில் என் வீட்டுக்குப் போனால் மகள் திரும்ப விடமாட்டாள். அலுவலகத்திலிருந்த என் கணவரிடம் அங்கிளின் தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தோம். கேட்டோம். திரும்ப இணைத்தோம். படிவம் வெறுமையாக நின்றது. மறுபடி முதல் கேள்வி. 'எங்கள் தளத்தைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்ற கேள்விக்கு அவர் நான்கு வரி எழுதினார். அதில் என் மாமியாரும் வந்தார். 'எங்கள் சலுகைகளை உங்களுக்கு அனுப்பலாமா?' என்ற கேள்விக்கு, "ஆசையாக் கேக்கிறவையை முகத்தில அடிச்ச மாதிரி வேண்டாம் எண்டு சொல்லலாமோ?" என்று 'ஆம்' போட்டார். அடுத்த வாரம் அவருக்கு நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும், 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, தற்சமயம் தேவைப்படவில்லை' என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

படிவம் போய்ச் சேர்ந்தது. திரையில் பதில் வந்தது: 'கூட்டம் அதிகம். பிறகு வரவும்.'

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? கொடுக்க மனமில்லாவிட்டால் கொடுக்காதே. இலவசம் என்று வாசலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே வந்தவரின் வயது, வருமானம், விலாசம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்துவது என்ன நாகரிகம்? யாரோ ஒருவர் தன் உழைப்பைத் தானமாகக் கொடுத்தார். நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தானத்தை வைத்து விளம்பரம் விற்றவன் வேறொருவன். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நல்லபடியாக நடந்துகொண்டிருப்பேனா என்று சந்தேகம்தான்.

அங்கிளும் கோபக்காரர்தான். ஆனால் அவருடைய கோபம் அலுவலகக் கோபம். திரையைப் பார்த்து, "நான்சென்ஸ்! உனக்கு மேலதிகாரி ஆர்?" என்று அதட்டுவார். பிறகு தட்டச்சுப்பொறியை எடுத்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில், 'ஐயா, தங்களது மூன்றாவது பச்சைப் பொத்தான் தொடர்பாக' என்று தொடங்குவார். அதைப் பார்த்து மறுபடி மின்னஞ்சலில் அடிப்பார். அசல், ஃபைலுக்குள் போகும்.

மூன்றாம் நாள், தளம் வேறு விலாசத்துக்கு மாறிவிட்டது என்ற அறிவிப்பு. நான்காம் நாள், அந்த விலாசத்தில் எதுவுமே இல்லை. ஐந்தாம் நாள் இன்னொரு தளத்தில் ஏதோ ஒன்று முழுதாக இறங்கியது. நான் கைதட்டிவிட்டேன். திறந்தோம். கணினித் திரையில் ஒரு மஞ்சள் வாத்து நடந்து வந்தது. அதற்குமேல் அது எதுவும் செய்யவில்லை, போகவும் இல்லை. இரண்டு நாள் அந்த வாத்தை அகற்றுவதிலேயே போனது. எட்டாம் நாள் உண்மையான மென்பொருள் உண்மையாகவே இறங்கியது. ஆனால் கோப்பு பாதியில் உடைந்திருந்தது, திறக்கவில்லை.

இதற்குள் திருவிழாக் கட்டுரைகள் என் மேசையில் குவிந்து கிடந்தன. ஒரு பக்கம்கூட அடிக்கவில்லை. விடுப்பை நீட்டிப்பதா, வேலைக்குத் திரும்புவதா என்று அலுவலகத்திலிருந்து கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. மகள் இரவில் சிணுங்கினால்கூட, நான் போகப்போவது இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றும்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கினோம். அங்கிள் முதல் மாடியில் வீடு வீடாகப் போய், ஐந்து மணிவரை யாரும் தனக்குத் தொலைபேசி செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருடைய இணைப்பில் ஒரு வசதி இருந்தது: லைன் பிஸியாக இருந்தாலும் வெளியிலிருந்து அழைப்பவர் நடுவில் புகுந்து டிக் டிக் என்று தட்டலாம். தட்டினால் இணையம் அறுந்துவிடும். அந்த வசதியும் மூன்று மாதத்துக்கு இலவசம் என்று வந்ததுதான்.

நாற்பது சதவீதம். அறுபது. எண்பது. அங்கிள் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை. தொண்ணூற்றேழு.

டிக். டிக்.

திரை உறைந்தது. அங்கிள் ரிசீவரைப் பறித்தார். "ஆர் அது? ஆருக்கு இவ்வளவு துணிச்சல்?"

மறுமுனையில் என் மாமியார். "ஹலோ! பால் மாவு எத்தனை கரண்டின்னு மருமககிட்ட கேட்டுச் சொல்லுங்க!"

எங்கள் மாடிக்கு அங்கிள் சொல்லப் போகவில்லை. அந்த எண்ணை மாமியாரிடம் கொடுத்தவளும் நான்தான். எதற்கும் இருக்கட்டும் என்று, முதல் நாளே, ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன்.

ரிசீவரை வாங்கி, "நாலு கரண்டி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு, என் மேல் வந்த கோபத்தை எல்லாம் அங்கிள் மேல் கொட்டினேன்.

"முதல் நாளே பொய்யா எதையாவது தட்டிவிட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்! ஃபைல், நம்பர், வாத்துக்கு ஒரு லெட்டர்! உங்க நேர்மைய வச்சிக்கிட்டு நீங்க உக்காந்திருங்க. என் பிள்ளைய யார் பாத்துக்குவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு உண்மையும் வந்தது. முதலாளியிடம் 'இருக்கு' என்று சொன்னது, கேட்கப் பயந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். வருமானத்தைக்கூடச் சரியாக எழுதும் மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது.

அங்கிள் ஃபைலை மூடினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"அச்சகம் கிள்ளானில எவ்விடம்?"

"அங்கிள், வேணாம் லா. அவருக்குத் தெரிஞ்சா..."

"விலாசத்தை மட்டும் சொல்லு, பிள்ளை."

கொமுட்டர் ரயிலில் போனார். போனவர் உண்மையைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார், வேலை போனதுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அலுவலகத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைத் தட்டினார். கையில் ஒரு டிஸ்கெட்.

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு. அடிக்கிற வேலையைப் பார்" என்றார். நான் கேட்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

நாற்பது பக்கத்தையும் அடித்தேன். மகள் தூங்கும்போதும் அடித்தேன், மடியில் இருக்கும்போதும் அடித்தேன். குறித்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி பக்கங்களைப் புரட்டித் தலையாட்டினார். அடுத்த மாதத்துக்கு ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். பிறகு சிரித்தார்.

"டிஸ்கெட் வாங்க வந்த உங்க பெரியப்பாவ அன்னைக்கு நல்லா ஏசிட்டேன்மா. மனசுல வச்சிக்காதீங்க."

"எதுக்கு ஏசினீங்க?"

"பின்ன? உங்க டிஸ்கெட்ட கொண்டுபோய் ரேடியோ ஸ்பீக்கர் மேல வச்சிருக்காரு, காந்தம் பட்டு எல்லாம் அழிஞ்சிருச்சு! பொறுப்பில்லையான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னாரு. நான் கேக்கவே இல்ல, அவரா ஒரு லெட்டர் வேற எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. பாருங்க."

ஆங்கிலத்தில், கோடு போட்டாற்போன்ற கையெழுத்தில், மேலே எண்ணும் தேதியுமாக ஒரு கடிதம். மேற்படி மென்பொருள் இந்தப் பெண்மணியிடம் தொடக்கம் முதலே இருந்தது என்றும், அது தன்னுடைய கவனக்குறைவால் மட்டுமே அழிந்தது என்றும், இதில் அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்றும், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தாவாகிய தான் இதன்மூலம் உறுதியளிப்பதாகவும் எழுதியிருந்தது. வரிக்கு வரி பொய். ஒரு காற்புள்ளி பிசகவில்லை. கீழே கையெழுத்தும் முழுப்பெயரும். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அந்தக் கடிதம் பற்றி எனக்குத் தெரியும் என்று அங்கிளிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிப்பேன். நாங்கள் அம்பாங்குக்கு வீடு மாறி வரும்போது, "கவனமா இரு, பிள்ளை" என்று மட்டும் சொல்லி, மகளின் கன்னத்தைத் தட்டினார்.

அந்தத் தளத்தை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில், அதற்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது.