பிரேக்கைத் தொடாதே, அபேலு

எட்டுவாலேயின் பட்டறை வாசலில் என் பிக்கப்பின் நிழல்கூட விழாது என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், வாயில் தேங்காய்ப்பால் ஒழுக, நான் சபதம் செய்தேன்.

காரணம் இருந்தது. எட்டுவாலே என் மனைவி தெலேசியாவுக்குச் சித்தப்பா மகன். ஊருக்கே மெக்கானிக். முந்தின வாரம் கிளட்ச் மாற்றிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அபேலு மச்சான் கிளட்ச் மேல காலை வெச்சுத் தூங்குறார். அது என்ன தலையணையா?" என்றான். அபேலு நான்தான். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை சிரித்தார்கள்.

சபதம் செய்த மறுநாளே பிரேக் கலகம் செய்தது. காலையில் மிதித்தால் கருங்கல். மத்தியானம் மிதித்தால் வெந்த சேப்பங்கிழங்கு. சில சமயம் முதல் மிதிக்குப் பாதாளம் போய், இரண்டாம் மிதிக்கு மேலே வந்து, "கூப்பிட்டீங்களா?" என்கிற மாதிரி நிற்கும். வேறு சமயம் நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஒரே மிதிக்கு நாலு குணம். எங்கள் வீட்டில் நான் வாங்கும் மிதி அப்படியல்ல. இருபத்தேழு வருஷமாக ஒரே குணம்.

தெலேசியா ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பத்துப் பெண்களையும் அவர்கள் முடைந்த பாய்க் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு, கணவாயைத் தாண்டி, தலைநகர் ஆப்பியாவில் பாய்க் காட்சிக்குப் போக வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக் விளையாடினால், பாயோடு சேர்த்து எங்களையும் சுருட்ட வேண்டியதுதான்.

"வண்டியை எட்டுவாலேகிட்ட விடு" என்றாள்.

"விட மாட்டேன். நானே கண்டுபிடிக்கிறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"மிதிக்கிறது என் கால். கோளாறு என் காலுக்குத் தெரியும்."

"அந்தக் கால் தூங்குதுன்னுதானே அவன் சொன்னான்?"

இதற்கு மேல் ஒரு மானஸ்தன் பட்டறைப் பக்கம் போவானா?

அடுத்த நாள் அவள் சேம்புக் கீரையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "என்னவோ பண்ணு. ஆனா பிரேக் ஆயிலை மட்டும் மாத்திடாதே. நாம வாங்கின நாள்லேருந்து அதே ஆயில்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எனக்கு ஆணையிட இவள் யார்? உடனே பக்கத்து வீட்டு மாசோவேயைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் சக்கரம் சக்கரமாகப் படுத்து, பழைய ஆயிலையும் குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றினேன். வெளியே வந்த ஆயில் எங்கள் ஊர்க் கோக்கோ கஷாயம் மாதிரி கறுப்பாக இருந்தது. புது ஆயில் ஊற்றினேன். சேப்பங்கிழங்கு காணாமல் போயிற்று. கருங்கல் இருந்தது. பாதாளமும் இருந்தது.

"பாத்தியா, சரியாகலை" என்றாள் தெலேசியா. "போகட்டும் விடு. பின் சக்கரத்தைக் கழட்டுறேன்னு மட்டும் ஆரம்பிக்காதே. கழட்டினா உனக்கு மாட்டத் தெரியாது."

அரை மணி நேரத்தில் இரண்டு பின் சக்கரமும் புல்லில் கிடந்தன. டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ ஒரு மூலையில், டிரம் ஒரு மூலையில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. தானாக நெருங்கிவரச் செய்யும் திருகு துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, நெருக்கி வைத்தேன். சக்கரத்தை மாட்டவும் செய்தேன். ஒரு நட்டு மிஞ்சியது. அது மாசோவேயின் சட்டைப் பையிலிருந்து வந்ததாக அவனே பிறகு ஒப்புக்கொண்டான். முதல் மிதியிலேயே பிரேக் பிடித்தது. பாதாளம் ஒழிந்தது.

புதன்கிழமை, "பூஸ்டருக்குப் போற அந்த ரப்பர் குழாய் நல்லாத்தான் இருக்கு, அதுல கை வைக்காதே" என்றாள். கை வைத்தேன். அடிப்பக்கம் விரல் நுழையும் வெடிப்பு. காற்று ஒழுகியதால் பூஸ்டர் காலுக்கு உதவவில்லை; அதனால்தான் பெடல் கல்லாகியிருக்கிறது. குழாயை மாற்றினேன். கருங்கல்லும் கரைந்தது. அன்று நான் நடந்த நடையைப் பார்த்து எங்கள் பன்றிகளே வழிவிட்டன.

வியாழக்கிழமை கடைத் தெருவில், லேசான சரிவில், பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தினேன். பதமாக அழுத்தி, பதமாகக் காத்திருந்தேன். பெடல் மெல்ல இறங்கியது. வண்டி மெல்ல நகர்ந்தது. டொக்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் தலையை நீட்டினான். "அபேலு, முத்தம் குடுக்கணும்னா இறங்கி வந்து குடு."

"நீ ஏன் பின்னால வந்தே?" என்றேன். தோற்றாலும் குரல் தாழக் கூடாது.

வீட்டில் தெலேசியா வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பெடல் நின்ற இடத்தில் நின்றது. வண்டிகூட அவள் கட்சி.

"நான் மிதிச்சா நிக்குது. நீ மிதிச்சா இறங்குது. அப்போ கோளாறு வண்டியில இல்ல, உன் கால்ல. ஒத்துக்கோ. அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஓட்டுறேன், நீ பின்னால பாய் மேல உக்காந்துக்கோ."

"பாய் மேலயா? கோளாறு வண்டியிலதான்னு நிரூபிச்சுக் காட்டுறேன்."

"நிரூபிக்கிறேன்னு மெதுவா மட்டும் அழுத்திப் பாக்காதே. இப்பவே சொல்லிட்டேன்."

மெதுவாகத்தான் அழுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டு, பூவை அழுத்துகிற மாதிரி. இருபது எண்ணுவதற்குள் பெடல் தரையைத் தொட்டது. ஓங்கி மிதித்தேன், நின்றது. மறுபடி மெதுவாக; இறங்கியது. மாசோவே வண்டிக்கடியில் ஊர்ந்து, "நாலு சக்கரமும் காஞ்சு கிடக்கு, ஒரு சொட்டுகூட ஒழுகல" என்றான். ஆயில் டப்பாவைப் பார்த்தேன். அளவு குறையவில்லை.

வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் நழுவுகிறது. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஓங்கி மிதித்தால் அது விரிந்து பிடித்துக்கொள்கிறது. மெல்ல அழுத்தினால் ஆயில் ஓரமாக நழுவிப் போகிறது. என் கால் தூங்கவில்லை. ஊரிலேயே பண்புள்ள கால் அதுதான்.

"தெலேசியா, மாஸ்டர் சிலிண்டர் போச்சு. நானே கண்டுபிடிச்சேன். ஆப்பியாவுக்குச் சொல்லி விட்டு ஒண்ணு வரவழைக்கணும்."

அவள் உள்ளே போய், பாய்க் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். புது மாஸ்டர் சிலிண்டர்.

"இது எப்போ வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமையே. திங்கக்கிழமை நீ தோட்டத்துக்குப் போனதும் வண்டியை எட்டுவாலேகிட்ட காட்டினேன். நாலு கோளாறு இருக்கு, நாலையும் முடிக்காம மலை ஏறாதேன்னான். அவனுக்கு ரெண்டு பஸ் வேலை கிடக்கு, கை ஒழியல. நீ சும்மாதானே இருந்தே."

"என் சபதம்?"

"நிழல் விழக் கூடாதுன்னுதானே சொன்னே? அன்னைக்கு மேகமா இருந்துச்சு."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. ஆயில் மாத்து, சக்கரம் கழட்டு, குழாயைப் பாருன்னு."

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?"

நான் நேர்மையானவன். யோசித்துப் பார்த்தேன். செய்திருக்க மாட்டேன்.

மாசோவேயைப் பார்த்தேன். அவன் அவசரமாக வண்டிக்கடியில் போய்விட்டான். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சிலிண்டரை நானே மாட்டினேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கணவாய் இறக்கத்தில் மிதி ஒரே சீராக நின்றது. பத்துப் பெண்களும் பின்னால் பாடிக்கொண்டே வந்தார்கள். யாரும் என் காலைப் பாராட்டவில்லை. ஆனாலும் அந்த மலையிறக்கத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இவள் 'செய்யாதே' என்றால் அந்த வலையில் விழுவதில்லை. வேண்டுமானால் தலைகீழாக நிற்கட்டும்.

சனிக்கிழமை காலை தெலேசியா கோக்கோவை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அபேலு, சமையல் கொட்டகைக் கூரை ஒழுகுது. நீ மட்டும் மேல ஏறிடாதே."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். ஏறினால் அவள் தந்திரம் பலித்துவிடும். ஏறாவிட்டால் பெண்டாட்டி சொன்ன பேச்சைக் கேட்டவன் ஆகிவிடுவேன். அதற்கு நான் ஆள் இல்லை.

இங்கே மேலே காற்று நன்றாக வருகிறது. ஆணிதான் போதவில்லை.